ஃபோமட் அடித்த பிறகும் விளம்பரம் திரும்பி வருகிறது (வீட்டுக் கணினி, விண்டோஸ் 10)

உப்புவெளி ரீச்சர் | வெள்ளி, இரவு 9.20

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. நான் வினாத்தாள் அடிப்பது, மகன் ஏ.எல். பாடங்கள் பார்ப்பது, இவர் பாங்க் கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த ஒன்றில்தான்.

சில வாரங்களாகக் குரோமைத் திறந்தால் கூகுள் வருவதில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு தேடுதளம் வருகிறது. எதைத் தேடினாலும் எங்கெங்கோ சுற்றிவிட்டு யாஹூவில் வந்து நிற்கிறது. வலது பக்கம் கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன” என்று சிவப்புப் பெட்டி அடிக்கடி எழும்புகிறது. மகன் படித்துக்கொண்டிருக்கும்போது அதே மூலையில் கண்ட கண்ட படங்களும் வருகின்றன. எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அதுதான்.

டவுனில் ஒரு கடையில் கொடுத்து ஃபோமட் அடித்தோம். புதிதாக விண்டோஸ் போட்டு, ஒரு வைரஸ்காட்டும் (வைரஸ் தடுப்பு மென்பொருள்) போட்டுத் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மகன் குரோமில் தன்னுடைய ஜிமெயிலைப் போட்டுத் திறந்தான். அடுத்த நாளே அதே தேடுதளம் வந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டால், ஹார்ட் டிஸ்க்கிலேயே வைரஸ் ஊறிவிட்டது, புது டிஸ்க் வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையில் மாற்றத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலை | வெள்ளி, இரவு 9.48

டிஸ்க் மாற்றத் தேவையில்லை. கடைக்காரர் சி டிரைவை மட்டும்தான் அடித்திருப்பார். டி டிரைவையும் சேர்த்து முழுவதாக அடியுங்கள், பிரச்சினை முடிந்துவிடும். இந்த வகைச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்றை விட்டுவிட்டாலும் அது மற்றதைக் கூட்டிக்கொண்டு வரும்.

சீனக்குடா | வெள்ளி, இரவு 10.15

ரீச்சர், டிஸ்க்கும் வாங்க வேண்டாம், உடனே இன்னொரு ஃபோமட்டும் வேண்டாம். சி டிரைவைத் துடைத்த பிறகும் வருகிறது என்றால் அது சி டிரைவுக்கு வெளியே எங்கோ இருந்து வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப அடித்தால் காசும் நேரமும்தான் போகும்.

சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். குரோமின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கிறதே, அதைத் திறந்தால் அடியில் “உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறதா? டி டிரைவில் இருந்து ஏதாவது மென்பொருளை மறுபடி போட்டீர்களா? விண்டோஸை அக்டிவேட் பண்ணியது யார், எப்படி? வீட்டு வைஃபையில் இருக்கும் போனிலும் இதே தேடுதளம் வருகிறதா?

உப்புவெளி ரீச்சர் | சனி, காலை 6.55

தம்பி, நன்றி. அந்த வரி இருக்கிறது. நாங்கள் எந்த நிறுவனமும் இல்லையே என்று மகனும் கேட்டான். டி டிரைவில் எழுத்துரு மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடாக மாற்றுகிற வசதியும் அதில் உண்டு. பாடசாலையில் வினாத்தாள் எல்லாம் இன்னமும் பாமினியில்தான் கேட்கிறார்கள், அதனால் ஃபோமட்டுக்குப் பிறகு அதைத்தான் முதலில் போட்டோம். விண்டோஸை அக்டிவேட் பண்ணியது கடைக்காரர், எப்படி என்று தெரியாது. போனில் ஒரு பிரச்சினையும் இல்லை.

சீனக்குடா | சனி, காலை 8.30

போனில் இல்லை என்றால் றவுட்டர் பக்கம் பெரும்பாலும் பிழை இல்லை. அதை விடுவோம்.

மகன் ஜிமெயிலைப் போட்டுத் திறந்தான், அடுத்த நாளே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வழி அங்கேயே தெரிகிறது. குரோமில் சிங்க் என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் மட்டும் வருவதில்லை. முன்பு போட்டிருந்த எக்ஸ்டென்ஷன்கள் (குரோமோடு சேர்க்கும் சிறு செயலிகள்), தேடுபொறி, தொடக்கப் பக்கம் எல்லாம் கூகுளின் சேவையகத்தில் இருந்து இறங்கி வரும். கடைக்காரர் கணினியைத் துடைத்தார், கணக்கில் இருந்த பிரதியை யாரும் துடைக்கவில்லை. புது டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தாலும் அதிலும் இதேதான் வந்து இறங்கியிருக்கும்.

ஆகவே கணினியைத் தொடுவதற்கு முன்னால் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள். மகனின் கூகுள் கணக்கில் குரோம் தரவு என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதன் அடியில் தரவை அழிக்கும் பொத்தான் உண்டு. அழுத்தினால் கூகுளிடம் உள்ள பிரதி போய்விடும், சிங்க்கும் நின்றுவிடும். புக்மார்க், பாஸ்வேர்ட் ஏதும் தேவை என்றால் அதற்கு முன்னால் எழுதி எடுத்துவிடுங்கள். பிறகு குரோமில் உள்ள எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். “இது நல்லது, கனகாலமாக வைத்திருக்கிறேன்” என்று மகன் சொல்வான். அப்படிச் சொன்னாலும் நீக்குங்கள். ‘த கிரேட் சஸ்பெண்டர்’ என்று நிறையப் பேர் பாவித்த ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. 2020இல் அதை எழுதியவர் வேறு ஆட்களிடம் கைமாற்றிவிட்டார். 2021 பெப்ரவரியில் கூகுளே அதைத் தீங்கானது என்று சொல்லி நிறுத்தியது. பாவித்தவர்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் நம்பி வைத்திருந்ததே கைமாறிப் போய்விட்டது.

இரண்டாவது அந்த “நிறுவனம்” வரி. கம்பனிகளில் ஊழியர்களின் குரோமைக் கட்டுப்படுத்துவதற்காக வைத்த வசதி அது. அட்வெயார், அதாவது விளம்பரம் காட்டும் வேண்டாத மென்பொருள், அதைத்தான் தனக்குப் பாவிக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி என்று எழுதி வைத்துவிட்டால் தேடுபொறியை உங்களால் மாற்ற முடியாது, எக்ஸ்டென்ஷனை நீக்கும் பொத்தானும் வேலை செய்யாது. குரோமின் முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடித்தால் என்னென்ன பாலிசி போடப்பட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்ற பெயர் இருந்தால் கட்டாயமாக ஏதோ ஒன்றைப் புகுத்தியிருக்கிறார்கள். சில வைரஸ்காட்களும் இந்த வரியை வரச்செய்யும், ஆகவே வரியைக் கண்டவுடன் பதற வேண்டாம், பட்டியலைப் பாருங்கள்.

இதைக் கையால் ரெஜிஸ்ட்ரியில் போய் அழிக்கலாம். ஆனால் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அட்வ்கிளீனர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. 2016இல் இருந்து மால்வெயார்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் உள்ளது. இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லை, திறந்தவுடன் ஓடும். அதன் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை மீளமைக்கும் தெரிவு உண்டு. அதை இயக்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். மால்வெயார்பைட்ஸின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வருகிற விளம்பர இணைப்பைத் தொடவே வேண்டாம். அட்வெயார் நீக்கும் கருவி என்ற பெயரிலேயே அட்வெயார் விற்கிறார்கள்.

சிவப்புப் பெட்டிதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று தெரிகிறது. அதற்கு இவ்வளவு பாடு இல்லை. அது வைரஸ்காட் சொல்வது இல்லை, ஏதோ ஒரு இணையத்தளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன். படம் பார்க்கும் தளத்திலோ டவுன்லோட் தளத்திலோ “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி பொத்தானை அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும். அழுத்தினால் அந்தத் தளத்தில் நீங்கள் இல்லாதபோதும் அது மூலையில் எழுதும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும், எல்லாவற்றையும் நீக்கி, இனிமேல் எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். இதை இப்போதே செய்யலாம். மகன் இன்றிரவு நிம்மதியாகப் படிக்கட்டும்.

கிண்ணியா வாசி | சனி, காலை 9.10

இதோடு பென்ட்ரைவையும் சேர்த்துப் பேச வேண்டும். எங்கள் பக்கம் ரியூசன் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பென்ட்ரைவைக் கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே உள்ள கணினியில் ஒரு நாளில் எத்தனை பேருடைய பென்ட்ரைவ் ஏறி இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது ஃபோல்டர் எல்லாம் ஷோட்கட் ஆகியிருக்கும். பிள்ளை அதைத் திறக்கும், உள்ளே நோட்ஸும் தெரியும், ஆனபடியால் சந்தேகம் வராது. அந்த ஷோட்கட் முதலில் தன்னுடைய புரோகிராமை ஓட்டிவிட்டுத்தான் ஃபோல்டரைக் காட்டுகிறது.

விண்டோஸ் 7 வந்ததில் இருந்து பென்ட்ரைவைச் செருகியவுடன் தானாக ஓடுவது இல்லை, பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011இல் மைக்ரோசொப்ட் அதை நிறுத்தியது. 2008இல் கொன்ஃபிக்கர் என்ற தீங்கான புரோகிராம் அந்த வழியாலும் பரவியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது உள்ளவை நாங்களே கிளிக் பண்ணும்படி ஷோட்கட்டாக நிற்கின்றன.

பிள்ளைகளின் நோட்ஸ் அழிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். பெரும்பாலும் அழிவதில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்ற தெரிவில் உள்ள அடையாளத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் தெரியாது. மங்கலாக உண்மையான ஃபோல்டர் தெரியும். தேவையானதை வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணிவிட்டு பென்ட்ரைவை அடித்துவிடுங்கள்.

சீனக்குடா | சனி, காலை 9.25

நானா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ரீச்சர், கடைக்குக் கொண்டுபோக ஒரு தனிப் பென்ட்ரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப் தவிர வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. முடியுமானால் பென்ட்ரைவே வேண்டாம், கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

மூதூர் மாணவன் | சனி, காலை 11.40

அண்ணா, நீங்கள் அக்டிவேஷன் பற்றி ஏன் கேட்டீர்கள்? எங்கள் எல்லோர் வீட்டிலும் காசு கொடுக்காமல் விண்டோஸை அக்டிவேட் பண்ணும் அக்டிவேட்டர்தான். காசு கொடுத்து விண்டோஸ் வாங்க எங்களால் முடியாது. அதனால் மட்டும் ஸ்பைவெயார் (உளவு மென்பொருள்) வரும் என்று சொல்ல முடியுமா?

சீனக்குடா | சனி, மதியம் 12.20

தம்பி, காசு விஷயம் எனக்கு விளங்குகிறது. இதில் நான் நியாயம் பேச வரவில்லை, அது வேலை செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன்.

அக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன்னால் என்ன சொல்கிறார்கள்? வைரஸ்காட்டை நிறுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு. இரண்டையும் செய்தால் யார் எழுதியது என்று தெரியாத ஒரு புரோகிராமுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்து, காவலாளியையும் அனுப்பிவிடுகிறீர்கள். அது அக்டிவேட் பண்ணும், உண்மைதான். கூடவே என்ன செய்தது என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. நான் கண்ட கணினிகள் சிலவற்றில் விண்டோஸோடு வரும் வைரஸ்காட்டான டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன் (பார்க்காமல் விடும் இடங்கள்) பட்டியலில் சி டிரைவ் முழுவதுமே எழுதப்பட்டிருந்தது. அதாவது டிஃபெண்டர் ஓடுகிறது, பச்சை அடையாளமும் காட்டுகிறது, ஆனால் சி டிரைவுக்குள் எதையும் பார்க்காது. பிறகு எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் “ஒன்றும் இல்லை” என்றுதான் வரும்.

காசு இல்லாவிட்டால் விண்டோஸை அக்டிவேட் பண்ணாமலே பாவியுங்கள். போடும்போது புரொடக்ட் கீ இல்லை என்று ஒரு தெரிவு வரும். மூலையில் ஒரு நீர்க்குறி தெரியும், பின்னணிப் படம் மாற்றுகிற இடம் பூட்டியிருக்கும். படிக்க, எழுத, தேட ஒரு தடையும் இல்லை. வேர்ட்டுக்குப் பதிலாக லிப்ரே ஒஃபிஸ் இலவசம். படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

நிலாவெளி | சனி, மாலை 4.05

நான் சின்ன விருந்தினர் விடுதி ஒன்று நடத்துகிறேன். இங்கே பிரச்சினை வேறு மாதிரி. கணினியில் மட்டும் இல்லை, வந்து தங்குகிறவர்களின் போனிலும் விளம்பரப் பக்கம் எழும்புகிறது. அவர்கள் வெளியே போய் டேட்டாவில் பார்த்தால் இல்லையாம். இதற்கும் அட்வ்கிளீனர்தானா?

சீனக்குடா | சனி, மாலை 5.30

இல்லை அண்ணா. எல்லோருடைய கருவியிலும் வருகிறது, டேட்டாவில் வரவில்லை என்றால் றவுட்டரைப் பாருங்கள். றவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை யாரோ மாற்றியிருக்கலாம். பெயரை அடித்தால் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வது டிஎன்எஸ்தான். அது பொய் சொன்னால் கணினி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயன் இல்லை. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற மால்வெயார் இந்த வேலையை உலகம் முழுக்கச் செய்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது 40 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் மாட்டியிருந்தன. பிடித்தவுடன் பொய்ச் சேவையகங்களை நிறுத்தியிருந்தால் அத்தனை பேருக்கும் இணையம் நின்றுபோயிருக்கும். அதனால் தற்காலிகமாக நல்ல சேவையகங்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

உங்கள் றவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்தி ரீசெட் செய்யுங்கள். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் விவரங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரீசெட்டுக்குப் பிறகு இணைப்பு வராமல் போகலாம். பிறகு றவுட்டருக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், நான் சொல்வது வைஃபை பாஸ்வேர்டை அல்ல. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டை அப்படியே வைத்திருந்தால் தங்க வருகிற யாரும் உள்ளே போகலாம். விருந்தினருக்கு கெஸ்ட் வைஃபை தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

உப்புவெளி ரீச்சர் | சனி, இரவு 8.45

தம்பி, சொன்னபடி செய்தோம். நோட்டிஃபிகேஷன் பட்டியலில் ஏகப்பட்ட தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் நீக்கினோம். மூலையில் இப்போது ஒன்றும் வருவதில்லை. அதற்கே பெரிய நன்றி. மகனின் கணக்கில் தரவையும் அழித்தோம். அட்வ்கிளீனர் பலதைப் பிடித்தது. மறுபடி தொடங்கியபோது கூகுள் வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து அதே தேடுதளம்!

மூதூர்ப் பிள்ளைக்கு நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மகன் டிஃபெண்டரைப் பார்க்கப் போனான். கடைக்காரர் போட்ட வைரஸ்காட் காலாவதி ஆகிவிட்டது என்று காட்டியது, அதை நீக்கினோம். டிஃபெண்டர் தானாக இயங்கியது. எக்ஸ்குளூஷனில் சி டிரைவ் முழுவதும் இருக்கிறது. டி டிரைவில் அந்த எழுத்துரு மென்பொருள் இருக்கிற ஃபோல்டரும் இருக்கிறது.

சீனக்குடா | சனி, இரவு 9.15

ரீச்சர், முதல் வேலையாக அந்தக் கணினியின் இணையத்தை இப்போதே நிறுத்துங்கள். வயர் என்றால் கழற்றிவிடுங்கள். பாங்க் வேலை ஒன்றும் அதில் செய்ய வேண்டாம்.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தது என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் வேலை போட்டு வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் தன் வேலைகளை நேரத்துக்குச் செய்வதற்காக வைத்திருக்கும் அட்டவணை அது. அதில் ஒரு வரி எழுதிவிட்டால், நீக்கியதை மணிக்கொரு தடவை மறுபடி இறக்கிப் போடும். மைக்ரோசொப்ட்டின் ஓட்டோரன்ஸ் என்ற கருவியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மைக்ரோசொப்ட்டின் சொந்த வரிகளை மறைத்துவிட்டு ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ் பக்கத்தைப் பார்த்தால் சம்பந்தமில்லாத பெயர்கள் கண்ணில் படும். வெறும் அட்வெயார் என்றால் அந்த வரியை எடுத்து, டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன் ஓட்டச் சொல்லியிருப்பேன். அந்த ஸ்கேன் விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால் ஓடும், ஆகவே ஒளிந்து நிற்பதற்கு இடம் குறைவு. சுமார் 15 நிமிடம்தான் எடுக்கும்.

ஆனால் எக்ஸ்குளூஷனில் சி டிரைவ் இருக்கிறது என்றால் நிலைமை வேறு. விளம்பரம் காட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான். இவ்வளவு காலம் பாதுகாப்பு இல்லாமல் கிடந்த கணினியில் சத்தமில்லாமல் இருந்து பாஸ்வேர்டையும் குக்கியையும் (உள்நுழைவை ஞாபகம் வைக்கும் சிறு தரவு) எடுத்து அனுப்புகிற ஒன்றும் சேர்ந்து இருந்திருக்கலாம். ரெட்லைன் போன்றவை அந்த வேலைக்கென்றே விற்கப்பட்டவை, 2024 ஒக்டோபரில் பல நாட்டுப் பொலிஸ் சேர்ந்து அதன் சேவையகங்களைப் பறித்தார்கள். அந்த வகை தன் வேலையை முடித்துவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்வதும் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து பாங்க் கணக்கை அதில் திறக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே உவர்மலை அண்ணா சொன்ன இடத்துக்குத்தான் இப்போது வருகிறேன். முழுவதாக அடிப்போம். ஆனால் ஒழுங்கு முக்கியம்.

உவர்மலை | சனி, இரவு 9.40

எனக்கும் அந்த ஒழுங்கைத்தான் கேட்க வேண்டும். சிங்க் விஷயம் எனக்குப் புதிது. நான் சொன்னபடி டி டிரைவை அடித்திருந்தாலும் மகன் ஜிமெயிலைப் போட்டவுடன் திரும்பி வந்திருக்கும். எழுதுங்கள் தம்பி, பலருக்கும் உதவும்.

சீனக்குடா | சனி, இரவு 10.30

முதலில் கணக்குகள். சுத்தமான போனில் இருந்து வீட்டில் உள்ள எல்லோருடைய ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்கள் என்று இருக்கும், அதில் அந்த டெஸ்க்டொப்பையும் தெரியாத எதையும் வெளியேற்றுங்கள். குக்கியைத் திருடியவனுக்கு பாஸ்வேர்ட் தேவைப்படாது, திறந்திருக்கிற உள்நுழைவே போதும். அதனால்தான் வெளியேற்றச் சொல்கிறேன். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பாங்க் பாஸ்வேர்டை ஐயா போனில் இருந்து மாற்றட்டும். ஞாயிறு என்று பார்க்காமல் பாங்கின் உதவி இலக்கத்துக்கும் எடுத்து விஷயத்தைச் சொல்லி, கணக்கில் தெரியாத கழிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கோப்புகள். வினாத்தாள், நோட்ஸ், படங்கள் மட்டும் எடுங்கள். ஓடுகிற புரோகிராம் எதுவும் வேண்டாம், இன்ஸ்டோலர் வேண்டாம், ஸிப் வேண்டாம். அந்த எழுத்துரு மென்பொருள் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம்.

அப்புறம் விண்டோஸ். நம்பிக்கையான வேறொரு கணினியில் மைக்ரோசொப்ட்டின் மீடியா கிரியேஷன் கருவியை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட வெறும் பென்ட்ரைவில் போடுங்கள். டேட்டா பொதி பார்த்துப் பாவியுங்கள், பல ஜிபி இறங்கும். அந்தப் பென்ட்ரைவில் இருந்து தொடங்கி, பார்ட்டிஷன் கேட்கும் இடத்தில் சி, டி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுங்கள். கடையில் கொடுத்துச் செய்வதென்றால் பக்கத்தில் இருந்து பாருங்கள். அக்டிவேட்டர் வேண்டாம், கீ இல்லாமலே விடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மாரி காலத்தில் இதைச் செய்பவர்கள் இடி மின்னல் இல்லாத நேரமாகப் பாருங்கள், நடுவில் கரண்ட் போனால் மறுபடி ஆரம்பத்தில் இருந்து.

எல்லாம் முடிந்து முதன்முதலாக டிஃபெண்டரைத் திறந்து, எக்ஸ்குளூஷன் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ரெபியூட்டேஷன் பாதுகாப்பு என்ற இடத்தில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் தெரிவும் இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இயக்குங்கள். அது நிறுத்தப்பட்டிருந்தால் டிஃபெண்டர் பல அட்வெயாரை விட்டுவிடும். மகன் கடைசியாக ஜிமெயிலைப் போடட்டும். அவனுக்குத் தனியாக ஒரு சாதாரண யூசர் கணக்கு, அட்மின் உரிமை இல்லாமல். அது ஒரு பிள்ளை மேல் நம்பிக்கை இல்லாத காரியம் இல்லை, எனக்கும் என் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உப்புவெளி ரீச்சர் | ஞாயிறு, காலை 7.10

தம்பி, பாங்கில் கதைத்தோம், ஒன்றும் போகவில்லை. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டோம். கூகுளில் தெரியாத சாதனம் எதுவும் இல்லை. கணினியைத் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம், இவர் பக்கத்தில் இருப்பார்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பாமினி இல்லாமல் எனக்கு முடியாது. பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எழுத்துருவை எங்கே இருந்து எடுப்பது?

கிண்ணியா வாசி | ஞாயிறு, காலை 7.50

ரீச்சர், எழுத்துரு என்பது ஒரு சின்னக் கோப்பு, பெயருக்குப் பின்னால் டிடிஎஃப் என்று இருக்கும். அதில் வலது கிளிக் பண்ணி இன்ஸ்டால் என்று கொடுத்தால் முடிந்தது. எழுத்துரு கேட்ட இடத்தில் இஎக்ஸ்இ என்று முடிகிற கோப்பு கிடைத்தால் அதைத் திறக்காதீர்கள், எழுத்துருவுக்கு இன்ஸ்டோலர் தேவையில்லை. பாடசாலையில் உங்களோடு வேலை செய்கிற யாராவது ஒருவரிடம் அந்த டிடிஎஃப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். புது வினாத்தாள்களை யூனிகோடில் அடித்தால் விண்டோஸில் நிர்மலா என்ற எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, ஒன்றும் இறக்கத் தேவையில்லை. கடந்தகால வினாத்தாள்களுக்கு மகனை பரீட்சைத் திணைக்களத்தின் தளத்துக்கும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்துக்கும் போகச் சொல்லுங்கள். பிடிஎஃப் கேட்டால் டவுன்லோட் மனேஜர் போடச் சொல்கிற தளங்களில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள்.

மூதூர் மாணவன் | ஞாயிறு, காலை 10.15

அண்ணா, ரீச்சருக்கு மறுபடி விண்டோஸ் 10 போடுவது சரியா? அதற்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு ஆதரவு முடிந்துவிட்டது என்றுதானே சொன்னார்கள்.

சீனக்குடா | ஞாயிறு, காலை 11.05

நல்ல கேள்வி தம்பி. கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருந்து, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசராக இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். ரீச்சர், கடையில் கொடுக்கும்போது முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், முடியும் என்றால் 11ஐயே போடுங்கள். முடியாவிட்டால் 10ஐப் போட்டு, மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து, அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம். அந்த வசதி வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. பதிவு செய்யும் இடம் தெரியாவிட்டால், கடையில் இருந்து வந்ததும் அப்டேட் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.